ஊவாத் தோட்டங்களிற் பிள்ளைக் காவல்: பிள்ளைக் காம்பரா முதல் கைத்தொலைபேசி வரை

பிள்ளைகளைக் காப்பது பெற்றோர் கடன் என்பது எல்லாச் சமூகங்களும் ஒப்புக்கொண்டதொன்றாகும். ஆயின், அக்கடனை ஆற்றுதற்கு வேண்டிய நேரமும் அறிவும் அதிகாரமும் பெற்றோர் கையில் இருந்தனவா என்னும் வினாவை நம் வரலாற்று நூல்கள் பெரிதும் எழுப்புவதில்லை. ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களைப் பொறுத்தவரையில் இதுவே முதலிற் கேட்கப்பட வேண்டிய வினாவாகும். இணையத்தில் அலையும் ஆபத்துகளிலிருந்து பிள்ளைகளைக் காத்துக்கொள்ளுமாறு பெற்றோருக்கு இன்று அறிவுரை கூறப்படுகிறது. பிள்ளை எதைப் பார்க்கிறது, எவரோடு பேசுகிறது என்பதைக் கவனியுங்கள் என்பதே அவ்வறிவுரையின் சாரம். பதுளை, பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, ஹப்புத்தளை முதலிய பகுதிகளின் தோட்டத் தொழிலாளிக்கு இவ்வறிவுரை எத்தகைய பொருளைத் தரும் என்பதை அறிய வேண்டுமாயின், அத்தோட்டங்களிற் பிள்ளைகளை இதுவரை காத்தவர் யார், எவ்வாறு காத்தனர் என்பதைப் பின்னோக்கிப் பார்த்தல் அவசியமாகும்.

1886 இல் தனி மாகாணமாக்கப்பட்ட ஊவா, பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் இம்மலைகளுக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளருட் பெரும்பாலோர் பருவ காலத்தில் வந்து திரும்பிய ஆண்களாவர். 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலை நோய் கோப்பியை அழித்தொழிக்க, அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. இம்மாற்றம் பயிரின் மாற்றம் மட்டுமன்று, குடும்பத்தின் மாற்றமுமாகும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். அக்கைகள் பெண்களுடையவையாயின. பெண்கள் வந்தபோது குடும்பங்கள் நிலைத்தன. குடும்பங்கள் நிலைத்தபோது, விடியலிற் பெரட்டுக் களத்திற்கு வந்து நிற்க வேண்டிய தாயின் குழந்தையைப் பார்ப்பவர் யார் என்னும் பிரச்சினை தோட்ட நிருவாகத்தின் முன் எழுந்தது.

அப்பிரச்சினைக்குக் கிடைத்த விடையே பிள்ளைக் காம்பராவாகும். பிள்ளை மடுவம் என்றும் இது வழங்கப்பட்டது. லயத்தின் ஒரு மூலையிலோ தனித்ததொரு கொட்டிலிலோ கூரைக் கம்பிலிருந்து ஏணைகள் வரிசையாகத் தொங்கும். மலையேறிக் கொழுந்து பறிக்க இயலாத முதிய பெண் ஒருத்தி, பிற்காலத்தில் ஆயா என்ற பெயருடன், அவற்றை ஆட்டிக்கொண்டிருப்பாள். தாய் விடியலிற் குழந்தையைக் கொண்டுவந்து விடுவாள். இடையில் வந்து பாலூட்டுவாள். மாலையிற் கொழுந்து நிறுத்த பின்னர் அழைத்துச் செல்வாள். இந்த ஏற்பாடு கருணையினாற் பிறந்ததன்று. தாயின் இரு கைகளும் கொழுந்துக்கு வேண்டியிருந்தமையாற் பிறந்தது. எனினும், மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர் என்பது மறுக்கவியலாதது. ஆயா அத்தோட்டத்தவள், ஒவ்வொரு குழந்தையின் குடும்பத்தையும் அதன் நோயையும் அறிந்தவள். காலையிலும் மாலையிலும் தாயோடு முகம்பார்த்துப் பேசுபவள். ‘இன்றைக்குப் பிள்ளை சாப்பிடவில்லை’ என்று அவள் சொல்லும் ஒரு வார்த்தையிலேயே காவலென்பது அடங்கியிருந்தது.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னர், பெருந்தோட்டச் சமூகநலனுக்கென அமைக்கப்பட்டதும் இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என அறியப்படுவதுமான நிறுவனத்தின் மேற்பார்வையில், பிள்ளைக் காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையமாயிற்று. ஏணைகளின் இடத்திற் படுக்கைகளும், ஆயாவின் இடத்திற் பயிற்றப்பட்ட அலுவலரும் வந்தமை நல்லதொரு வளர்ச்சியே. ஆனால் அன்றும் இன்றும் அதன் எல்லை ஐந்து வயதாகும். ஐந்து வயதைக் கடந்த பிள்ளையைப் பகலிற் பார்ப்பவர் யார் என்பதற்குத் தோட்டம் ஒருபோதும் திட்டமான விடை வைத்திருக்கவில்லை.

பழைய காலத்தில் இருந்த விடைகள் இரண்டு. ஒன்று வேலை. 1927 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, சிறுவருக்கு ஒரு கூலி என மூவகையாக வகுத்தமையே, பிள்ளையும் ஒரு தொழிலாளியாகக் கருதப்பட்டமைக்குத் தக்க சான்றாகும். மற்றொன்று பள்ளிக்கூடம். 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்தியது. நடைமுறையிலோ ஒற்றை ஆசிரியர், ஒற்றை மண்டபம், ஒருசில வகுப்புகள், அரை நாட் படிப்பு என்ற அளவிலேயே பல பள்ளிகள் நின்றன. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கும் வரையில் இந்நிலை பெரிதும் மாறவில்லை.

இவ்விரண்டிற்கும் அப்பாற் பிள்ளையைக் காத்தது லயம். ஒன்றோடொன்று ஒட்டிய காம்பராக்களும் அவற்றின் முன்னே நீண்டுசெல்லும் இஸ்தோப்பும் மனித வாழ்வுக்கு ஏற்றவையல்ல என்பதைப் பலரும் எழுதிவிட்டனர். தனிமை என்பது அங்கே இல்லை. ஆனால் தனிமை இல்லாமையினாலேயே, அந்நியன் ஒருவன் லயத்து வாசலிற் கால்வைத்தால் பத்து வீட்டாரும் அறிவர். பிள்ளை ஒன்று வழிதவறினால் யாரோ ஒரு பாட்டி அதட்டுவாள். இதனைப் புகழ்ந்துரைக்க வேண்டியதில்லை. குடியும் அடிதடியும் பிள்ளைகளின் கண்முன்னேயே நடந்ததும் அதே இஸ்தோப்பில்தான். இங்கு குறிக்க வேண்டியது ஒன்றே: ஆபத்து எனப்படுவது ஓர் ஆளாக, கால் முளைத்து நடந்து வருவதாகவே அன்று கருதப்பட்டது. அதைக் காண்பதற்குக் கண் இருந்தாற் போதும், எழுத்தறிவு வேண்டியதில்லை.

வெளியுலகத்தின் ஆட்கள் மட்டுமன்றி வெளியுலகத்தின் வார்த்தைகளும் ஒரு வாயிலின் வழியாகவே தோட்டத்திற்குள் வந்தன. அவ்வாயில் தோட்டத்து ஆபீசாகும். அருகிலுள்ள நகரத்து அஞ்சலகத்திலிருந்து தப்பாற்காரர் சுமந்துவரும் பை நேரே ஆபீசுக்குச் செல்லும். தொழிலாளிக்கெனத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே அவருடைய முகவரி. கடிதம் எப்போது கைக்கு வரும் என்பது ஆபீசின் விருப்பத்தைப் பொறுத்தது. தொழிற்சங்கக்காரர்கள் தோட்டத்திற்குள் நுழைந்தால் அத்துமீறியவராக வழக்குத் தொடரப்பட்ட காலமும் உண்டு. கோதண்டராம நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் துண்டுப் பிரசுரங்களாலும் பாடல்களாலும் தொழிலாளரை அடைய முயன்றமைக்கு இந்த அடைப்பே காரணம். சுருங்கக் கூறின், எந்த வார்த்தை லயத்தை எட்டலாம் என்பதைத் தீர்மானிக்கும் காவல் இருந்தது; ஆனால் அக்காவல் பெற்றோரிடம் இருக்கவில்லை. அவர்களும் அதனாற் காவல்செய்யப்பட்டவர்களே.

வந்த கடிதத்தை வாசிப்பது அடுத்த பிரச்சினையாகும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் முதலிற் கணக்கப்பிள்ளையிடமும் வாத்தியாரிடமும் சென்றனர். பள்ளிக்கூடம் சிறிது பரவிய பின்னர் வீட்டுப் பிள்ளையே வாசிக்கலாயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியப் பிரசையாகவும் தம்பி இலங்கைப் பிரசையாகவும் பிரிந்த நிலையில், இக்கடிதங்களின் கனம் மேலும் கூடியது. தலைமன்னாரிற் கப்பலேறிச் சென்றவர்களிடமிருந்து வரும் கடிதத்தில் மரணச் செய்தியும் இருக்கும்; பணம் கேட்கும் வரியும் இருக்கும்; திருமணப் பேச்சும் இருக்கும். பத்து வயதுப் பிள்ளை அதனை உரக்க வாசிக்க, தாயும் தகப்பனும் கேட்டிருப்பர். பிள்ளை விட்டுவிட்ட வரி அவர்களுக்கு இல்லாத வரியே. சம்பளத் துண்டையும், நீதிமன்ற அழைப்பையும், பிறப்புச் சான்றிதழையும் வாசித்தது பிள்ளைதான். எழுத்தின் முன்னே பெற்றோர் பிள்ளையின் தயவில் நிற்கும் இந்நிலை கைத்தொலைபேசியோடு வந்ததன்று. அரை நூற்றாண்டிற்கும் மேலாகத் தோட்டத்தில் நிலவியதொன்று அது. கைத்தொலைபேசி செய்தது அதன் விளைவைப் பன்மடங்கு பெருக்கியதே.

வானொலியும் தொலைக்காட்சியும் இடையில் வந்தன. அவை பெரிய குழப்பத்தை உண்டாக்கவில்லை. 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், மின்சாரம் எட்டாத லயங்களில் வாகன மின்கலத்தில் இயங்கிய ஒரேயொரு பெட்டியின் முன்னே முழு லயமும் கூடியிருந்தது. எல்லாரும் ஒன்றாகப் பார்த்தமையால் எல்லாரும் ஒன்றாகவே வெட்கப்படவும் சினக்கவும் முடிந்தது.

வெளிநாட்டு வேலை வேறொரு வகையான மாற்றத்தைக் கொண்டுவந்தது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்த காலத்தை அடுத்து, தோட்டப் பெண்களும் குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் வீட்டுப் பணியாளராகச் செல்லலாயினர். பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பாயினர். முன்னாளிற் பதுளை, பண்டாரவளைக் கடைவீதிகளின் தொலைத்தொடர்பு நிலையங்களில், குறித்த நாளிற் குறித்த நேரத்தில் வரவிருக்கும் ஓர் அழைப்புக்காகப் பிள்ளையும் பாட்டியும் காத்திருந்தனர். பின்னர் கைத்தொலைபேசி வந்தது. அதன் பின்னர் முகத்தையே காட்டும் தொலைபேசி வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வெளிநாடு செல்வதை 2013 இல் அரசு கட்டுப்படுத்தியது. பொருளாதார நெருக்கடியின் நடுவே 2022 இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. இக்கட்டுப்பாடு நீதியானதா என்பது வேறு விவாதம். நம் பொருளுக்கு வேண்டியது, அத்தகைய வீடுகளிற் கைத்தொலைபேசி ஒரு விளையாட்டுப் பொருளன்று என்பதே. அதுவே தாய். ‘பிள்ளையிடமிருந்து தொலைபேசியைப் பறித்து வையுங்கள்’ என்று இலகுவாகச் சொல்லும் நகரத்து அறிவுரையாளர் இதனைச் சிந்திப்பதில்லை.

இந்நிலையிலேதான் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சு நடுப்பகுதியில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிற் சிலகாலம் திறக்கப்பட்டும் மீண்டும் மூடப்பட்டும், 2021 ஒக்டோபரில் இருநூறுக்குக் குறைந்த மாணவரையுடைய ஆரம்பப் பாடசாலைகள் திறக்கப்படும் வரையில், கல்வி பெருமளவுக்கு இணையத்திற் சென்றது. இணையம் என்று கூறினும், தோட்டத்தைப் பொறுத்தவரையில் அது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவேயாகும். ஆசிரியர் பாடத்தைப் படமெடுத்து அனுப்புவார். பிள்ளை அதைப் பார்த்தெழுதித் திருப்பி அனுப்பும். நாட்டின் 43 இலட்சம் மாணவருள் அதிகபட்சம் நாற்பது வீதத்தினரே இணையவழிக் கல்வியிற் பங்குபெற முடிந்ததென இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது மதிப்பிட்டது.

அக்காலத்திற் பதுளை மாவட்டம் உலகச் செய்தியாயிற்று. போகிட்டியாவ என்னும் ஊரின் பிள்ளைகள், தம் ஆசிரியையுடன், சிறுத்தையும் யானையும் நடமாடும் காட்டினூடே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, அலைவரிசை எட்டும் பாறையொன்றின் உச்சியில் அமர்ந்து படித்தனர். லுணுகலைப் பகுதியில், மலையுச்சி மரமொன்றில் முப்பதடி உயரத்தே கட்டிய பரணில் ஏறிப் பிள்ளைகள் பாடங்களைப் பதிவிறக்கினர். 2021 ஆகஸ்டில் அச்செய்திகளைப் படித்தோர் பிள்ளைகளின் ஊக்கத்தை வியந்தனர். ஆனால் அச்செய்திகளில் அதிகம் கவனிக்கப்படாததொரு பகுதியுண்டு. பிள்ளைகளோடு பெற்றோரும் சென்றனர். காட்டு விலங்குக்கு அஞ்சிக் காவலாக நின்றனர். மலையுச்சி வரை உடன்செல்லப் பெற்றோருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையின் கையிலிருந்த திரைக்குள் உடன்செல்ல அவர்களுக்கு எவரும் வழி காட்டியிருக்கவில்லை.

அத்திரைக்குள் நடந்தது யாது? தோட்ட வீட்டில் ஒரு தொலைபேசியே இருக்கும். அது தகப்பனுடையது அல்லது அண்ணனுடையது. அதிலுள்ள கணக்கும் பெரியவருடைய வயதிலேயே திறக்கப்பட்டிருக்கும். வாட்ஸ்அப், முகநூல், டிக்டொக் ஆகியன பதின்மூன்று வயதுக்குக் குறைந்தோரைச் சேர்ப்பதில்லை எனத் தம் விதிகளிற் கூறுகின்றன. எட்டு வயதுப் பிள்ளையின் பாடமோ அவ்வாட்ஸ்அப்பிலேயே வந்தது. குழுவில் உள்ள ஒவ்வொருவருடைய இலக்கமும் குழுவினர் அனைவருக்கும் தெரியும். நாற்பது பிள்ளைகளின் குழு என்பது நாற்பது வீடுகளின் தொலைபேசி. அவற்றை எடுத்துப் பார்ப்போர் அண்ணன்மார், மாமன்மார், அவர்களுடைய நண்பர் என நூற்றுக்கணக்கானோர். இதில் எவருடைய தீய நோக்கமும் தொடக்கத்தில் இல்லை. பாடம் நடத்த வேறு வழியற்ற ஆசிரியர் தம் சொந்தப் பணத்தில் அதனைச் செய்தார். எனினும், தப்பாற் பையைத் திறப்பதற்கு முன் அனுமதி வேண்டியிருந்த லயத்தில், அனுமதியின்றி எவரும் எந்நேரமும் பிள்ளைக்கு எழுதக்கூடிய நிலை ஓராண்டுக்குள் உருவாகிவிட்டது.

இணையவழித் துன்புறுத்தல் நடைபெறும் முறை உலகெங்கும் பெரும்பாலும் ஒன்றே. அறியாத ஒருவர் அன்பாகப் பேசுவார். தம்மையும் மாணவரெனக் கூறுவார். விளையாட்டிற் பரிசோ, தொலைபேசிக்கு மீள்நிரப்பலோ அனுப்புவார். பின்னர் ஒரு படம் கேட்பார். படம் கைக்கு வந்ததும் குரல் மாறும். மேலும் படம் அனுப்பாவிடின், பணம் தராவிடின், தகப்பனுக்கு அனுப்புவேன், பாடசாலைக்கு அனுப்புவேன் என்பார். பொய்ப் படத்தையே செயற்கை நுண்ணறிவினால் உருவாக்கவும் இன்று இயலும் என்பதால், பிள்ளை எதையும் அனுப்பாதபோதும் இம்மிரட்டல் நிகழலாம். 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கல்கிசையிற் பதினைந்து வயதுச் சிறுமியொருத்தி இணையத்தின் வழியாக விற்கப்பட்ட வழக்கிற் பலர் கைதாகியமை, இத்தகைய கொடுமை இந்நாட்டிலும் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதைக் காட்டியது.

மிரட்டுபவனுடைய முதல் யாது என்பதை இங்கு ஆராய வேண்டும். அவனிடம் இருப்பது ஒரு படம் மட்டுமன்று. தன் வீட்டார் தன்னை என்ன செய்வார்களோ என்று பிள்ளை கொள்ளும் அச்சமே அவனுடைய உண்மையான முதலாகும். தோட்டச் சமூகத்தில் அவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. பருவமடைந்த பெண்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வந்தால் அவளுடைய படிப்பு நிற்கும், அடி விழும், அவசரத் திருமணம் பேசப்படும். பதின்ம வயதிற் படிப்பை விட்டுத் தைத்த ஆடைத் தொழிற்சாலைக்கோ கொழும்பு வீட்டு வேலைக்கோ அனுப்பப்படுவதும் உண்டு. பையன்களுக்கும் அவமானம் உண்டு. அவர்கள் அதைச் சொல்லும் வழக்கமே இல்லை. எனவே பிள்ளை வாய் திறப்பதில்லை. பிள்ளை வாய் திறவாத வரையில் மிரட்டுபவனுக்கு எந்தச் சட்டமும் பொருட்டன்று. ‘கவனமாயிரு’ என்று கடிந்து கூறும் பெற்றோர், தம்மையறியாமலே, அவனுடைய முதலைப் பெருக்கிவிடுகின்றனர் எனின் அது மிகையாகாது. நல்ல பெற்றோரின் கண்டிப்பு பிறனொருவனுக்கு ஆயுதமாவது இவ்விடயத்தின் மிகக் கசப்பான பகுதியாகும்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டுச் சிறுவரை ஆபாசப் படங்களிற் பயன்படுத்துவது குற்றமாக்கப்பட்டது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை அமைத்தது. 1929 என்னும் அதன் இலக்கத்தை எவரும் அழைக்கலாம். 2007 இற் கணினிக் குற்றச் சட்டம் வந்தது. 2015 இற் கணினிக் குற்றங்கள் பற்றிய புடாபெஸ்ட் சமவாயத்தில் இலங்கை சேர்ந்தது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, பிள்ளைகளைக் காப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறினும், கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் சட்டமெனக் கண்டனத்துக்குள்ளாயிற்று.

இவற்றுள் 2006 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் வரலாற்று நோக்கிற் சுவையானது. கணினி வழியாகச் சேவை வழங்கும் ஒருவர், தம் வசதி சிறுவர் பாலியற் துன்புறுத்தலுக்குப் பயன்படாதவாறு நடவடிக்கை எடுக்கவேண்டும். அறிந்தாற் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும் என்று அது விதித்தது. அந்த வாசகத்தைப் படிக்கும்போது, கடைவீதியில் நாலைந்து கணினிகளை வைத்துக்கொண்டு வாசலில் அமர்ந்திருக்கும் ஒரு கடைக்காரர் மனக்கண்முன் தோன்றுவார். 2005 முதல் நாடெங்கும் அமைந்த நெனசல நிலையங்களிலும் அவ்வாறே ஒரு பொறுப்பாளர் இருந்தார். வாயிலுக்கு ஒரு காவலர் உண்டென்ற எண்ணத்திலேயே சட்டம் எழுதப்பட்டது. தோட்டத்து ஆபீசின் தப்பாற் பையைப் போலவே. கைத்தொலைபேசிக்கு அத்தகைய வாயிலில்லை. ஆதலால், சட்டம் கடைக்காரர்மேல் வைத்த கடமை, எவரும் சொல்லாமலே, லயத்துத் தாயின் தலையில் இறங்கிவிட்டது.

அத்தாய் அதனை நிறைவேற்றத் தடையாக நிற்பவற்றுள் மொழி முதன்மையானது. தொலைபேசியின் பாதுகாப்பு அமைப்புகள் தமிழிலும் உண்டு என்பது உண்மையே. ஆனால் அத்தமிழ் தோட்டத்து வழக்கினின்றும் மிகத் தொலைவிலுள்ளது. எழுதப் படிக்க அறியாதவருக்கோ எந்தத் தமிழும் ஒன்றே. முறையிடச் சென்றால், தமிழிற் முறைப்பாட்டைப் பதிவதற்கு ஆளில்லாத பொலிஸ் நிலையங்கள் மலையகத்திற் புதுமையல்ல. அங்கும் மொழிபெயர்க்க அழைத்துச் செல்லப்படுவது பாதிக்கப்பட்ட பிள்ளையேயாகலாம். கடிதம் வாசித்த பிள்ளையின் வரலாறு இவ்விடத்தில் மிகக் கொடிய வடிவத்தை அடைகிறது.

அறிவித்தல் ஒன்று, காத்தல் வேறொன்று என்பதை ஊவா மக்கள் பெரும் விலை கொடுத்து அறிந்திருக்கின்றனர். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கு மண்சரிவு ஆபத்துண்டென 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எச்சரிக்கப்பட்டவர்கள் குடியேறுவதற்கு வேறு நிலம் இருக்கவில்லை. அன்று பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர்தப்பினர். வீட்டிலிருந்த பெற்றோர் பலர் மாண்டனர். எச்சரிக்கை மக்களை எட்டியதா, எட்டிய பின் அவர்கள் செய்வதற்கு என்ன வழி இருந்தது என்ற இரு வினாக்களும் அன்று எழுப்பப்பட்டன. இணையம் பற்றி இன்று விடுக்கப்படும் எச்சரிக்கைகள் மீதும் அவ்விரு வினாக்களையும் எழுப்புதல் தகும்.

வெளிநாடுகளில் இப்போது வயதெல்லை பற்றிய பேச்சே மேலோங்கியுள்ளது. அவுஸ்திரேலியா 2024 நவம்பரிற் சட்டமியற்றி, 2025 டிசம்பர் 10 முதற் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. அப்பொறுப்பையும் பெற்றோர்மேலன்றிக் கம்பனிகள்மேலேயே சுமத்தியது. பொறுப்பை இடம்மாற்றிய அளவில் இது வரவேற்கத்தக்கது. ஆயினும், ஒரு தொலைபேசியை ஆறு பேர் பகிரும் லயத்தில், திரைக்கு முன்னே இருப்பவர் தகப்பனா மகளா என்பதைக் கணக்கின் வயது காட்டாது. செல்வந்த நாட்டுச் சட்டம், ஆளுக்கொரு தொலைபேசி உண்டென்பதை எடுகோளாகக் கொண்டது.

எனவே தோட்டப் பெற்றோருக்கு உதவுவதென்பது தோட்டத்தின் வாழ்க்கை ஒழுங்கிலிருந்தே தொடங்க வேண்டும். செய்யக்கூடியவை சில மிக எளியவை. வாட்ஸ்அப்பில் அறியாதவர் தம்மைக் குழுக்களிற் சேர்க்காதவாறும், முகப்புப் படத்தைப் பார்க்காதவாறும் தடுக்க ஓரிரு நிமிடம் போதும்; வாசிக்கத் தெரியாதவருக்கும் கையைப் பிடித்துச் செய்து காட்டலாம். பாடசாலைக் குழுவில் ஆசிரியர் மட்டுமே எழுதும்படி அமைக்கலாம். மிரட்டல் வந்தால் அழிக்காது வைத்திருக்க வேண்டும், பணம் அனுப்பக்கூடாது, 1929 ஐ அழைக்கலாம் என்பவற்றை ஒரு தாளிற் படங்களாகவே வரைந்து இஸ்தோப்பில் ஒட்டலாம். பழைய இஸ்தோப்பின் நன்மையை மீட்கவும் இயலும்: தொலைபேசி காம்பராவின் உள்ளே போகாது வெளியிலேயே இருக்க வேண்டுமென ஒரு வீடு மட்டும் தீர்மானித்தாற் பிள்ளை அண்டைவீட்டுக்குப் போகும், லயத்தார் சேர்ந்து தீர்மானித்தாற் போகாது.

இவற்றினும் கடினமானது, பிள்ளை அச்சமின்றிச் சொல்லக்கூடிய ஓர் ஆளை உண்டாக்குவதாகும். அது எல்லா வீடுகளிலும் தாயாகவே இருக்க முடியாது. தாய் குவைத்தில் இருக்கலாம், பாட்டிக்குக் காது கேளாதிருக்கலாம். பாடசாலை ஆசிரியை ஒருவராகவோ, கோயிற் பரிபாலனத்தோடு தொடர்புடைய ஒரு பெண்ணாகவோ, தோட்டத்தின் சிறுவர் அபிவிருத்தி அலுவலராகவோ அவர் இருக்கலாம். இவர்களுட் கடைசியாகக் குறித்தவரிடம் மற்றெவரிடமும் இல்லாத வாய்ப்பொன்று உண்டு. இளம் பிள்ளையுடைய தாய்மார் நாளொன்றுக்கு இருமுறை அவருடைய வாசலுக்கு வருகின்றனர். அத்தாய்மாருட் பலருக்குப் பத்து, பன்னிரண்டு வயதில் மூத்த பிள்ளையும் உண்டு. பாடசாலைப் பெற்றோர் கூட்டமோ வேலை நாளிற் கூடும். அதற்கு வருவதென்றால் அன்றைய பேரும் சம்பளமும் போகும் என்பதாற் பெரும்பாலோர் வருவதில்லை. பிள்ளைக் காம்பராவின் வாசலில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்திற்குச் சம்பளம் வெட்டப்படுவதில்லை.

பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்கு விடும். கொழுந்து நிறுத்துத் தாய் வீடு வந்துசேர மாலை ஐந்தாகும். இடைப்பட்ட அந்த மூன்றரை மணித்தியாலத்தில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைப் பொறுப்பேற்க 1907 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடமிருக்கவில்லை; 1992 இன் பின்வந்த கம்பனிகளின் நலத் திட்டங்களிலும் இடமில்லை. அந்நேரத்திற் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தின் ஓர் அறையையோ தோட்டத்து வாசிகசாலையையோ திறந்து வைத்து, ஒரு பெரியவரைச் சம்பளத்தோடு அமர்த்துவதற்கு ஆகும் செலவு, ஒரு தோட்டத்தின் கணக்கிற் பெரிய தொகையன்று. அக்கோரிக்கையைச் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து முன்வைப்பது தொழிற்சங்கங்களின் வேலையாகும்.